அமாவாசையன்று பார்த்த வீடு

அரும்பாக்கத்தில் எங்கள் வீடு மாடியில் இருந்தது. கீழே கிரில் பட்டறை. இரும்பு அறுக்கிற மெஷின் காலையில் வாயைத் திறந்தால் விளக்கு வைக்கும் வரை மூடாது. அறுப்பு நின்றால் சுத்தியல். சுத்தியலும் நின்றால் வேலைக்காரர்கள் டீ குடிக்கிறார்கள் என்று அர்த்தம். நாங்கள் குடி வந்தபோது அந்த இடத்தில் ஒரு தையல்காரர் இருந்தார். அவர் காலி செய்துவிட்டுப் போக, பட்டறை வந்தது. வீட்டுக்காரருக்கு இரண்டும் ஒன்றுதான். அவர் குடியிருந்தது வேறு தெருவில்.

எனக்கும் என் மகனுக்கும் அது பெரிய தொல்லை இல்லை. அவன் காலையிலேயே ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கம்பெனிக்குப் போய்விடுவான். எனக்குக் காது இன்னும் நன்றாகவே கேட்கிறது. ஆனால் வேண்டாததைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருக்க இந்த வயதுக்குள் பழகாதவள் எதற்கு மாமியார் ஆக வேண்டும்? தொல்லை எல்லாம் என் மருமகளுக்குத்தான். பூந்தமல்லி ரோட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அவள் நர்ஸ். உயிருக்குப் போராடுகிறவர்களைப் படுக்க வைத்திருக்கிற வார்டில் ராத்திரி டூட்டி. கை பழகினவள் என்று அவளை அந்த வார்டை விட்டு மாற்றவே இல்லை. ஊர் எழுந்திருக்கிற நேரத்தில் அவள் வீட்டுக்கு வருவாள். ஊர் வேலை பார்க்கிற நேரத்தில் அவள் தூங்க வேண்டும்.

எங்கே தூங்குவது? காதில் பஞ்சு வைத்துப் பார்த்தாள். ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டோம். படுக்கையை உள் அறைக்கு இழுத்தோம், அங்கிருந்து சமையல்கட்டுக்கு இழுத்தோம். இரும்புச் சத்தம் காது வழியாக மட்டும் வருவதில்லை. தரை வழியாக வந்து பல்லில் ஏறும். ஒருநாள் நானே கீழே இறங்கிப் போய்ப் பட்டறைக்காரனிடம் கேட்டேன்.

"ஏம்பா, வீட்ல ராத்திரி டூட்டி பாத்துட்டு ஒருத்தி படுத்திருக்கா. கொஞ்சம் மெதுவா அறுக்கக் கூடாதா?"

"ஆயா, இரும்ப எப்பிடி ஆயா ரகசியமா அறுக்கறது? நீயே வந்து அறுத்துக் காட்டு, கத்துக்கினு போறேன்" என்றான்.

"ஆயான்னு உங்க ஆயாவ கூப்புடு" என்று சொல்லிவிட்டு மாடி ஏறினேன். அவன் சிரித்தான். அவன்மேலும் தப்பில்லை. அவன் பிழைப்பு சத்தத்தில் இருந்தது.

பிறகு ஒரு காலையில் மருமகள் டூட்டி முடிந்து வந்தவள், முகம் கழுவிவிட்டு, போட்ட தோசையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாம்மா, நாஷ்டா ஆறுது."

"அத்த, நேத்து ஒரு ஊசி மருந்து எடுத்தேன். பேர பாத்தேன். திரும்பப் பாத்தேன். போடப் போற நேரத்துல, சரியாத்தான் பாத்தோமான்னு சந்தேகம் வந்துடுச்சி. பக்கத்து நர்ஸ கூப்ட்டு பாக்கச் சொன்னேன். சரியான மருந்துதான். ஆனா என் கண்ண நானே நம்பல அத்த."

அவள் அழவில்லை. அழுகிற ஜாதியும் இல்லை அவள். தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் போய்ப் படுத்தாள். கீழே மெஷினைப் போட்டார்கள். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. அவள் தூக்கம் எங்கள் வீட்டு விஷயம் மட்டும் இல்லை. எவர் பெற்ற பிள்ளையோ அந்த வார்டில் கிடக்கிறது. இவள் கை தவறினால் அந்த உயிர் போகும், அதோடு இவளும் போவாள்.

"காஞ்சிபுரத்துக்கே போயிட்டா இன்னாம்மா?" என்று அந்த ஞாயிற்றுக்கிழமை என் மகன் கேட்டான், சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே. "எனக்கு கம்பெனி பஸ் அங்கயே வருது. இவளுக்கு ஆஸ்பத்திரி வாசல்லயே காஞ்சிபுரம் பஸ் நிக்குது. ஏறி ஒக்காந்தா ஊரு. உனக்குப் பொறந்த ஊரு வேற."

மருமகள் என்னைப் பார்த்தாள். "அங்க சத்தம் இல்லாம இருக்குமா அத்த?"

"எங்க தெரு மாதிரி அமைதியான தெருவ நீ பாத்தே இருக்க மாட்ட. பட்டப்பகல்ல கண்ண மூடினாக்கூட தூக்கம் வரும்" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. மனதில் இருந்ததைத்தான் சொன்னேன். கல்யாணம் ஆகி அந்தத் தெருவை விட்டுச் சென்னைக்கு வந்தபோது எனக்குத் தாவணி வயது தாண்டியிருக்கவில்லை. பிறகு பிரசவத்துக்குப் போனேன், சாவுக்குப் போனேன், கல்யாணத்துக்குப் போனேன். போன வேகத்தில் திரும்பி வந்தேன். ஆனாலும் யாராவது தூக்கம் என்று சொன்னால் எனக்கு அந்தத் தெருதான் ஞாபகம் வரும்.

எங்கள் தெருக்காரர்கள் ஒரு காலத்தில் பிறத்தியார் நிலத்தில் நாற்று நட்டவர்கள். என் தாத்தா வரைக்கும் அப்படித்தான். என் அப்பாதான் எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகத் தறிக்குழியில் காலை விட்டவர். யாரோ ஒரு புண்ணியவான் வீட்டில் கூலிக்கு நெய்யப் போய்த் தொழிலைக் கற்றுக்கொண்டு, பிறகு வீட்டுக்குள்ளேயே குழி வெட்டித் தறி போட்டார். அதைப் பார்த்து எதிர்வீட்டில் போட்டார்கள், பக்கத்து வீட்டில் போட்டார்கள். நான் தார் சுற்றுகிற வயதுக்கு வந்தபோது தெரு முழுக்கத் தறி. தார் என்றால், தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்ன நூல்கட்டை. அதில் பட்டு நூலை அறுந்துபோகாமல் சுற்றிக் கொடுப்பது பெண்பிள்ளைகள் வேலை. எனக்கு மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது அதனால்தான். அதில் எனக்கு வருத்தம் உண்டு, வெட்கம் கிடையாது. நான் சுற்றின தாரில் ஒரு தடவைகூட நூல் சிக்கியதில்லை என்று அப்பா வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்வார்.

ஒவ்வொரு தறிக்கும் ஒரு குரல் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு இது யார் வீட்டுத் தறி என்று சொல்லிவிடலாம். எதிர்வீட்டுக்காரர் கோபக்காரர், நூலை நெருக்குகிற பண்ணையை அவர் இழுத்து அடித்தால் சுவர் அதிரும். மூலைவீட்டுக்காரர் பாட்டுப் பாடிக்கொண்டே நெய்வார், பாட்டுக்கு ஏற்றபடி தறியும் நொண்டும். என் அப்பா இரண்டு அடி அடித்து ஒரு மூச்சு விடுவார். டக், டக். பிறகு ஒன்றும் இல்லை. மறுபடி டக், டக். அந்த மூச்சு கொஞ்சம் நீண்டுவிட்டால் சமையல்கட்டில் இருக்கிற அம்மா தலையைத் தூக்குவாள். நூல் அறுந்துவிட்டது என்று தெரிந்துகொள்வாள். குழந்தைகளை ஏணையில் போட்டுத் தறிக்குப் பக்கத்திலேயே தொங்கவிட்டிருப்பார்கள். ஆட்ட வேண்டிய அவசியம் இல்லை. தறி ஓடுகிற வரைக்கும் தூங்கும், தறி நின்றால் அலறும்.

இத்தனையும் ஞாபகம் இருந்தும் நான் அந்தச் சத்தத்தைச் சத்தம் என்ற கணக்கில் சேர்க்கவே இல்லை. நெல்லூர்க்காரனிடம் காரம் எப்படி என்று கேட்டால், எங்கள் ஊர்ச் சாப்பாட்டில் காரமே கிடையாது என்பான். அப்படித்தான் இதுவும்.

என் தம்பி போய்ச் சேர்ந்துவிட்டான். அவன் பெண்டாட்டி மட்டும் மகனோடு அந்த வீட்டிலேயே இருக்கிறாள். என்னை அண்ணி என்று கூப்பிடுவாள். கூப்பிடுகிற விதத்தில்தான் மரியாதை இருக்காது. போன் செய்து கேட்டதும், "எங்க எதிர்ல மாடி காலியாத்தான் இருக்குது. சாவி எங்கிட்டதான் இருக்குது. வந்து பாருங்க. மெட்ராஸ்காரங்களுக்கு எங்க தெரு புடிக்கணுமே" என்றாள்.

நல்ல காரியம், நிறைந்த அமாவாசையில் போகலாம் என்று நாள் சொன்னதே நான்தான். மகன் லீவு போட்டான். மருமகள் டூட்டி முடித்து ஆஸ்பத்திரி வாசலில் நின்றாள். அவளையும் ஏற்றிக்கொண்டு பஸ்ஸில் போனோம். வழியெல்லாம் நான் பேசிக்கொண்டே வந்தேன். இந்தப் பக்கம் ஏரி இருந்தது, அந்தப் பக்கம் மாந்தோப்பு இருந்தது என்று. மருமகள் ஜன்னல் கம்பியில் தலையை வைத்து உம் கொட்டினாள்.

தெருவுக்குள் காலை வைத்ததும் எனக்கு என்னவோ செய்தது. என்ன என்று சொல்லத் தெரியவில்லை. வீடுகளெல்லாம் மாறியிருந்தன. ஓடு போய்த் தளம் வந்து, தளத்தின்மேல் மாடியும் வந்திருந்தது. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் தெரு செத்துக் கிடந்தது. கதவுகள் பாதி சாத்தியிருந்தன. எங்கோ ஒரு குக்கர் விசில் அடித்தது. ஒரு நாய் சாவகாசமாகத் தெருவைக் குறுக்கே கடந்து போனது. வேறு ஒன்றும் இல்லை.

தம்பி வீட்டுக்குள் போனோம். தறிமேல் பழைய வேட்டியைப் போர்த்தியிருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டதாக நினைத்தேன். டிவியில் தறி போச்சு, தறி போச்சு என்று எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எங்கள் தெருவிலும் போய்விட்டது. இங்கேயும் மூடிப் போட்டுவிட்டார்கள். கேட்கலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. என் அப்பா வெட்டின குழி மூடிப் போனதைத் தம்பி பெண்டாட்டி வாயால் கேட்டு, அதுவும் மருமகள் எதிரில் கண் கலங்கி நிற்க எனக்கு மனம் இல்லை. அவள் வடை போட்டாள், பாயசம் வைத்தாள். நான் பாயசத்தைக் குனிந்து குடித்துவிட்டு, "சீனி கம்மி" என்றேன்.

"உங்களுக்குத்தான் சுகர் ஆச்சேன்னு கம்மியாப் போட்டேன் அண்ணி" என்றாள்.

எனக்குச் சுகர் கிடையாது.

எதிர்மாடி வீடு நன்றாக இருந்தது. இரண்டு அறை, வெளிச்சம், மோட்டார் போட்டால் தண்ணீர். மகன் குழாயைத் திறந்து திறந்து பார்த்தான். மருமகள் உள் அறைக்குப் போனவள் வரவில்லை. போய்ப் பார்த்தால் வெறுந்தரையில், கைப்பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். "ஒரு நிமிஷம் அத்த" என்றாள். அவ்வளவுதான். மதியச் சாப்பாட்டுக்கு எழுப்பப் போன மகனை நான் தடுத்துவிட்டேன். வாயை லேசாகத் திறந்துகொண்டு, குழந்தை மாதிரித் தூங்கினாள். வெயில் சுவரில் ஏறி, இறங்கி, வெளியே போய்விட்டது. பிறகுதான் எழுந்தாள். கன்னத்தில் கைப்பையின் ஜிப்பு பதிந்திருந்தது.

"மா, இதுதான் வீடு" என்றான் மகன்.

"அத்த, இந்த மாதிரி தூங்கி எவ்ளோ நாளாச்சி தெரியுமா? நீங்க சொன்னது நெசந்தான்" என்றாள் அவள்.

பஸ்ஸில் திரும்பும்போது இரண்டு பேரும் பேசிக்கொண்டே வந்தார்கள், பீரோவை எங்கே வைக்கலாம் என்று. நான்தான் வாயைத் திறக்கவில்லை. அவள் தூங்கினதில் எனக்குச் சந்தோஷம். ஆனால் அந்தத் தெருவில் இனி நான் எதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்? பிறந்த வீடு இருந்தது, பிறந்த தெரு இருந்தது. அதன் மூச்சு நின்று போயிருந்தது. ஒருநாள் துக்கத்துக்குப் போய் வரலாம். துக்க வீட்டிலேயே குடியிருக்க முடியுமா? ஆனாலும் அவள் கண்ணை நினைத்துக்கொண்டு, சரி என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

வீட்டுக்காரர் வருகிற அன்றைக்கு நேரில் பேசி முடித்துவிடலாம் என்று தம்பி பெண்டாட்டி சொன்னாள். அடுத்த வாரம் மறுபடி கிளம்பினோம். அன்றைக்கும் மருமகள் டூட்டி முடித்து நேராக வந்தாள்.

தெருமுனையில் ஆட்டோவை விட்டு இறங்கினேன். இறங்கினவள் அப்படியே நின்றுவிட்டேன்.

டக். டக்டக். டக். ஒரு வீட்டில் இருந்து, அடுத்த வீட்டில் இருந்து, எதிர்வரிசையில் இருந்து. ஒன்று முந்தும், ஒன்று பிந்தும், ஒன்று நின்று மறுபடி எடுக்கும். பூ வேலைக்காக மேலே பெட்டி கட்டின தறிகள் கிறீச் என்று இழுக்கும். தெரு பூராவும் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் எனக்குக் காலில் இருந்து ஏறி வந்தது. சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடக்கிக்கொண்டேன். சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியாது.

"மா, இன்னாமா இது?" என்றான் மகன்.

மருமகள் பையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். அவள் முகத்தில் காலையிலேயே சாயங்காலம் வந்துவிட்டது.

தம்பி பெண்டாட்டி வாசலுக்கு வந்தாள். "ஏன் இங்கயே நின்னுக்கினு இருக்கீங்க? உள்ள வாங்க."

"தறி ஓடுதே" என்றேன்.

"ஓடாம?"

"அன்னிக்கி ஓடலியே."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பு இருக்கிறதே, தறிச் சத்தத்தையும் தாண்டிக் கேட்டிருக்கும்.

"அய்ய, அமாவாசக்கி எவன் தறில ஒக்காருவான்? நீங்க இந்தத் தெருவுல பொறந்தவங்கதானே அண்ணி? வடை சுட்டேன், பாயசம் வெச்சேன், அப்பவும் ஒறைக்கலையா? நான் என்னவோ தெரிஞ்சிதான் வந்திருக்கீங்கன்னு இல்ல நெனச்சேன்!"

பக்கத்து வீட்டு ஜன்னலில் ஒரு தலை வந்து பார்த்துவிட்டுப் போனது. எனக்குக் காது சுட்டது. அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. அமாவாசை என்றால் நெசவுக்காரனுக்கு லீவு. அன்றைக்கு அப்பா தறியைத் துடைத்துச் சாம்பிராணி காட்டிவிட்டு, வேட்டியைப் போர்த்துவார். எங்களுக்கெல்லாம் தலைக்கு எண்ணெய் வைத்துவிடுவார். மத்தியானம் வடை, பாயசம். சாயங்காலம் எங்களைப் பாலாற்றுக்குக் கூட்டிக்கொண்டு போவார். ஆற்றில் தண்ணீர் ஓடி நான் பார்த்தது கொஞ்சந்தான், மணல்தான் ஆறு. கையாலேயே மணலைத் தோண்டினால் அடியில் ஊறும். முதலில் கலங்கி வரும், பொறுத்திருந்தால் தெளியும். யார் குழியில் முதலில் தெளிகிறது என்று போட்டி. அப்பாவும் முட்டி போட்டுத் தோண்டுவார். மாதம் முழுக்க எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிற மனுஷன் முகத்தை அன்றைக்குத்தான் ஆசை தீரப் பார்ப்போம். இதையெல்லாம் மறந்துவிட்டேன். புருஷன் போன பிறகு எனக்கு அமாவாசை என்றால் காக்கைக்குச் சோறு வைக்கிற நாள் என்று ஆகியிருந்தது.

இதையெல்லாம் தெருவில் நின்று அவளிடம் சொல்ல முடியுமா? "தெரியும் தெரியும், சும்மா கேட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

மகன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வீட்டுக்காரர் மத்தியானத்துக்குமேல் வருவதாகச் சொல்லியிருந்தார். மருமகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெருமுனையில் நான் நின்ற நிலையை அவள் பார்த்துவிட்டாள் போல.

"பரவால்ல அத்த. இது இரும்பு மாதிரி இல்ல, ஒரு தாளமாத்தான் இருக்குது. நான் போய் படுத்துப் பாக்கறேன். பழகிடும்."

"பாக்கலாம் வா" என்றேன். ஆசைதான், வேறு என்ன? தூங்கிவிட மாட்டாளா என்ற ஆசை.

தம்பி பெண்டாட்டி கொடுத்த பாயை எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் மாடிக்குப் போனோம். ஜன்னலைச் சாத்தினேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். நான் அவளுக்குக் காவல் மாதிரி, கதவில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்தேன். கீழ்வீட்டுத் தறி தெளிவாகக் கேட்டது. எதிர்வீட்டில் தம்பி மகன் நெய்தான். அவனுக்கு என் அப்பாவின் அடி வரவில்லை. அவன் அவசரக்காரன். ஆனாலும் அதே குழி. நான் ஒவ்வொரு தறியாகப் பிரித்துக் கேட்டேன். இது சின்ன வயசுக்காரன், இது பெண்பிள்ளை கை, இது வயசாளி, அடிக்கு அடி யோசிக்கிறார்.

அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

கண்ணைத் திறந்தபோது நான் பாயில் கிடந்தேன். தலைக்கு அவளுடைய துப்பட்டாவை மடித்து வைத்திருந்தாள். அறையில் நிழல் சாய்ந்திருந்தது. எத்தனையோ வருஷமாக நான் பகலில் தூங்கியதில்லை. ராத்திரியிலேயே பாதி நேரம் விட்டத்தைத்தான் பார்ப்பேன். உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக் குளித்தது போல் இருந்தது.

அவள் நான் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"தூங்கினியாம்மா?"

"ஓ, நல்லா தூங்கினேன் அத்த. நீங்க எழுந்துக்கறதுக்கு கொஞ்சம் முன்னாலதான் எழுந்தேன்."

அவள் கொண்டை டூட்டிக்குப் போட்ட கொண்டை. ஒரு பின் நகரவில்லை. கண் ஓரம் மிளகாய் பட்ட மாதிரிச் சிவந்திருந்தது. பொய் சொல்லும்போது அவள் புடவை ஓரத்தைச் சரிசெய்வாள். அன்றைக்குப் புடவை கட்டவில்லை, சுடிதார். இருந்தும் கை, இல்லாத முந்தானையைத் தேடிப் போனது.

நான் அவளையே பார்த்தேன். கல்யாணம் ஆகி வந்த புதிதில் இவளும் நானும் உப்புக்கும் புளிக்கும் சண்டை போட்டவர்கள். என் வாய்க்கு அவள் ஒருநாளும் அடங்கினதில்லை. அப்படிப்பட்டவள் எனக்காகப் பொய் சொல்லிவிட்டு, இன்றைக்கு ராத்திரி ஆஸ்பத்திரிக்குப் போய், இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு, மருந்துப் பேர் படிக்கப் போகிறாள்.

கீழே வீட்டுக்காரர் வந்துவிட்டதாகக் கூப்பிட்டார்கள். இறங்கிப் போனோம். பெரிய மனுஷன், சாந்தமாகப் பேசினார். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். பேச்சு முடிந்த மாதிரிதான், நான் சரி என்று சொன்னால் போதும்.

"வீடு நல்ல வீடு. எங்களுக்கு ஒத்து வராது" என்றேன்.

மகன் திரும்பிப் பார்த்தான். மருமகள், "அத்த..." என்றாள்.

"இன்னாத்துக்கு ஒத்து வராது?" என்றாள் தம்பி பெண்டாட்டி. குரல் ஏறியது. "நான் நல்ல மனசோட கேட்டு வெச்சிருக்கேன். வர்றவங்ககிட்டல்லாம் எங்க அண்ணி வர்றாங்கன்னு சொல்லிக்கினு இருக்கேன். எங்க தெரு சத்தம் ஒங்க மருமவளுக்கு ஆவலையா?"

அவள் ஊருக்கெல்லாம் சொல்வாள், மெட்ராஸ் மருமகள் நம் தெருவைத் தள்ளிவிட்டாள் என்று. அந்தப் பேச்சு அந்தத் தெருவில் என் பேரப்பிள்ளை காலம் வரைக்கும் ஓடும்.

"அவளுக்கு இல்ல. எனக்குத்தான்" என்றேன். "படி ஏற முடியல. முட்டி விட்டுப்போச்சு."

சொல்லிவிட்டேன். வாழ்க்கையில் எனக்கு முடியவில்லை என்று அவள் எதிரில் நான் சொன்னது அது ஒன்றுதான். தம்பி சாவுக்கு வந்தபோதுகூட நான் சொன்னதில்லை. அவள் முகம் உடனே மாறிவிட்டது. எனக்கு அதுதான் தாங்கவில்லை. இரக்கப்பட ஆரம்பித்துவிட்டாள்.

"அதான பாத்தேன். வயசாச்சில்ல அண்ணி. ஒத்துக்க மாட்டீங்களே நீங்க. தைலம் தரட்டா?"

"குடு" என்றேன்.

தைலத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். பஸ்ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் நான் ஆட்டோக்காரனிடம், "செவிலிமேடு போப்பா" என்றேன்.

"அங்க எதுக்குமா?" என்றான் மகன்.

"வீடு பாக்கத்தான். ஊரு வேணாம்னா சொன்னேன்? வீடுதானே வேணாம்னேன்."

காஞ்சிபுரத்து ஓரத்தில் இருக்கிற செவிலிமேடு, நான் சின்ன வயதில் பார்த்தபோது வயலும் புதருமாக இருந்தது. இப்போது வரிசையாகப் புது வீடுகள். எல்லா வீட்டு வாசலிலும் பைக் நிற்கிற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. ஆண்களும் பெண்களும் வேலைக்குப் போயிருந்தார்கள். ஆட்டோவை மெதுவாக விடச் சொல்லி, ஒவ்வொரு போர்டாக எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே போனேன். பாலாற்றுப் பக்கம் கடைசித் தெருவில் ஒரு வீட்டில் 'வாடகைக்கு' என்று இருந்தது. தரைவீடு. பின்பக்கம் வேலிகாத்தான் முள்ளும், அதற்கு அப்பால் ஆறும்.

மகனும் மருமகளும் வீட்டைப் பார்க்க உள்ளே போனார்கள். நான் போகவில்லை. அந்தத் தெருவில் கதவு திறந்திருந்த வீட்டில் எல்லாம் நின்று விசாரித்தேன். இங்கே யார் வீட்டிலாவது தறி இருக்கிறதா? மாவு மெஷின்? வெல்டிங் பட்டறை? கல்யாண மண்டபம் எத்தனை தூரம்? கோயில் ஸ்பீக்கர் எந்தப் பக்கம் பார்த்துக் கட்டியிருக்கிறது? ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது மைக் செட் எத்தனை நாள்? காலி மனையில் வீடு கட்டப் போகிறவர் யாராவது உண்டா? ஒரு அம்மாள் என்னைப் போலீஸ்காரன் வீட்டு அம்மா என்றே நினைத்துவிட்டாள்.

கடைசி வீட்டில் என் வயதுக்காரி ஒருத்தி துணி மடித்துக்கொண்டிருந்தாள். பேச்சில் தெலுங்கு வாடை அடித்தது. டவுனில் இருந்து மகனோடு இங்கே வந்துவிட்டவளாம்.

"எதுக்குமா இவ்ளோ கேக்கற?"

"என் மருமவ ராத்திரி டூட்டி. பகல்ல தூங்கணும்."

"அதுவா! இங்க தூக்கத்துக்குக் கொறையே இல்ல. காலைல எல்லாரும் பஸ்ஸ புடிச்சிப் போயிடுவாங்க. அப்புறம் காக்கா கத்தினாத்தான் உண்டு." என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீயும் அவங்களோட வர்றியா? உனக்குத்தாம்மா கஷ்டம். பேச ஒரு ஆளு கெடையாது. ஒரு சத்தம் கெடையாது. பொழுதே போவாது. நான் வந்த புதுசுல சொவத்தோட பேசிக்கினு இருந்தேன்."

"நல்லதா போச்சி" என்றேன். "நீ சொவத்த விட்டுட்டு எங்கிட்ட பேசு."

திரும்பி வந்து, வாசலிலேயே நின்று மகனைக் கூப்பிட்டேன். போர்டில் இருக்கிற நம்பருக்கு இப்போதே போன் போட்டுப் பேசச் சொன்னேன். இன்றைக்கு என்ன நாள், நல்ல நாளா என்று அவன் கேட்டான். எந்த நாளாக இருந்தாலும் பரவாயில்லை, பேசு என்றேன்.